பதினேழு பேர், ஐந்து வண்டி

லோரிகளை ஜப்பானிய ராணுவம் எடுத்துக்கொண்டது ஒரு செவ்வாய்க்கிழமை. 1943, ஜூன் மாதம், மலாயா. பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்துச் சமையல் கழிவை அள்ளும் லோரிகள் இரண்டு. ஒன்றை ஒரு சிப்பாய் ஓட்டினான். மற்றதை அதன் டிரைவர் ஜெயராஜே ஓட்டிக்கொண்டுபோய் முகாமில் விட்டுவிட்டு மூன்று மைல் நடந்து திரும்பினான். வந்தபோது அவன் கையில் இஞ்சினைச் சுற்றிக் கிளப்பும் இரும்புக் கைப்பிடி இருந்தது. கொடுக்க மறந்துவிட்டான். யாராவது வந்து அறைவார்கள் என்று இரண்டு நாள் காத்திருந்தான். யாரும் வரவில்லை.

நான் சானிட்டரி போர்டில் இளைய கிராணி, அதாவது குமாஸ்தா. பெயர் கார்த்திகேசு. போர்டுக்கு ஜப்பானியர் புதுப் பெயர் வைத்திருந்தார்கள். யாரும் அதைச் சொல்வதில்லை. சிங்கப்பூரில் கல்லூரிப் படிப்பு, பாடம் புவியியல். என் மனைவி சிவமலர் மலேரியாவில் இறந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. காலையில் எழுந்து வேலைக்குப் போனேன். மாலையில் திரும்பினேன். அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

கழிவு என்றாலும் அது குப்பைமேட்டுக்குப் போகவில்லை. மரவள்ளித் தோல், கஞ்சித் தண்ணீர், அழுகிய கீரை எல்லாம் மண்ணெண்ணெய் டின்களில் சேர்ந்து, கிள்ளான் ரோடு மூன்றாவது மைலில் ராணுவம் நடத்திய பன்றிப் பண்ணைக்குப் போனது. சீனர் கடைகளின் கழிவைப் பண்ணை ஆட்களே எடுத்துக்கொண்டார்கள். எங்கள் பங்கு இந்தியர் சாப்பாட்டுக் கடைகள், ரயில்வே தொழிலாளர் குடியிருந்த லயங்கள், பங்சார் மேட்டில் உத்தியோகஸ்தர் குவார்ட்டர்ஸ்.

லோரி போன மறுநாள் தலைமைக் கிராணி வல்லிபுரம் ஒரு காகிதத்தை என் மேசையில் வைத்தார். லோரி இல்லாததால் பதினேழு தொழிலாளர் உபரி. உபரி ஆட்கள் சயாமுக்கு, ரயில் பாதை வேலைக்கு. பெயர்ப் பட்டியல் வேண்டும்.

சயாமுக்குப் போனவர்களிடமிருந்து கடிதம் வருவதில்லை. அது எல்லாருக்கும் தெரியும்.

பட்டியலை டைப் அடித்தேன். முதல் பெயர் ஜெயராஜ். கை தானாக அடித்தது. வேறு பட்டியல்களையும் அந்தக் கைதான் அடித்திருந்தது.

மத்தியானம் வீரம்மா வந்தார். ஜெயராஜின் அக்காள். நாற்பது வயது இருக்கும். கழிவு அள்ளும் கூட்டத்துக்குக் கங்காணியாக இருந்தவர் குண்டு விழுந்த வாரத்தில் ஓடிப்போனார். அன்றிலிருந்து வீரம்மா சொல்வதைத்தான் எல்லாரும் கேட்டார்கள். யாரும் அவரை நியமிக்கவில்லை. அழுவார், காலில் விழுவார் என்று நினைத்தேன். கதவோரமாக நின்றபடி எத்தனை பேர் என்று மட்டும் கேட்டார். பதினேழு என்றேன்.

"லோரி போயிடுச்சி, சரி. குப்பை போயிடுச்சா?"

இல்லை என்றேன்.

"அப்ப அதை யாரு அள்ளுறது? அந்த ஜப்பான் துரைகிட்ட இதைக் கேட்டீங்களா கிராணி?"

கேட்கவில்லை. கேட்கலாம் என்று தோன்றவே இல்லை. ஐந்து மாட்டு வண்டி கிடைத்தால், வண்டிக்கு மூன்று பேர், பண்ணையில் இறக்க இரண்டு பேர், மொத்தம் பதினேழு என்று அவர் விரலை மடக்கிச் சொன்னார். ஒரு ஆள் கூட உபரி இல்லை. கணக்கை வீட்டிலேயே போட்டுவிட்டு வந்திருந்தார்.

வல்லிபுரத்திடம் சொன்னேன். அவர் ஐம்பதைத் தாண்டிய யாழ்ப்பாணத்து மனிதர். உடம்பில் வெள்ளைச் சேட்டு, கையில் கறுப்புக் குடை. வெள்ளைக்காரனிடம் முப்பது வருடம் ஆங்கிலத்தில் தலையாட்டியவர், ஜப்பானிய மொழியை மூன்றே மாதத்தில் படித்துவிட்டார். கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"கேட்கிறது நீர். நான் மொழிபெயர்ப்பு மட்டும். அடி விழுந்தால் அதுக்கு மொழிபெயர்ப்புத் தேவையில்லை."

அடி விழவில்லை. ஜப்பானிய அதிகாரி பன்றிகளைப் பற்றித்தான் கவலைப்பட்டார். பத்து நாள் தந்தார். ஒவ்வொரு நாளும் நாற்பது டின் தீனி, காலை பத்து மணிக்குள் பண்ணையில் இருக்க வேண்டும். தோக்கியோ நேரம் பத்து, நம் பழைய மணிக்கு எட்டரை. பத்தாம் நாள் ஆள் பிடிக்கும் பகுதியிலிருந்து சார்ஜெண்ட் ஒருவர் வருவார். வேலையில் நிற்பவர்களை எண்ணுவார். நிற்பவன் இருக்கலாம். நிற்காதவன் சயாம்.

ஐந்து வண்டி ஒரே இடத்தில் வைத்திருந்தவர் ஜெய்னுதீன். நாகப்பட்டினம் பக்கத்துக்காரர். ரயில்வே கூட்ஸ் ஷெட்டிலிருந்து துணிக்கடைகளுக்கும் மளிகைக் கடைகளுக்கும் சரக்கு ஏற்றியவர். சரக்கு வருவது நின்றுபோய், பத்து மாடும் கொட்டகையில் நின்றன. போர்டு முத்திரை போட்ட காகிதத்தோடு போனேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது உத்தரவா, கேள்வியா?"

உத்தரவு என்றேன். அது வேலையைச் சீக்கிரம் முடிக்கும் என்று நினைத்தேன்.

எங்கே போகிறது என்று கேட்டார். சொன்னேன். மாட்டின் கழுத்தைத் தடவிக்கொடுத்தார்.

"உத்தரவுன்னா, வண்டி அங்க நிக்குது, மாடு இங்க நிக்குது. ஓட்டிட்டுப் போங்க. நான் வரல. என் ஆளுங்களும் வரமாட்டாங்க."

வண்டி கிடைத்துவிட்டது என்று நான் அலுவலகம் திரும்பினேன். சாயந்தரம் வரைபடத்தை விரித்து லோரி போன பாதையையே வண்டிக்கும் போட்டேன். லயங்கள் முதலில், பிறகு கடைகள், பிறகு பங்சார் மேடு, அங்கிருந்து கிள்ளான் ரோடு. மிகக் குறுகிய பாதை. அளவுகோல் வைத்துப் பார்த்தேன்.

முதல் நாள் மேட்டில் மாடுகள் முட்டி போட்டுவிட்டன. கீழேயே டின்கள் நிறைந்திருந்தன. அவ்வளவு பாரத்தோடு ஏற்றம். லோரியின் ஹார்ன் கேட்டுப் பழகிய கடைக்காரர்கள் வண்டி வந்தது தெரியாமல் உள்ளே இருந்தார்கள். ஒவ்வொரு கதவாகத் தட்ட வேண்டியிருந்தது. வாழை இலையில் மரவள்ளி பரிமாறும் சைவக் கடை ஒன்றின் வாசலில் இலைக் குவியலைப் பார்த்த மாடுகள் அரைமணி நேரம் நகரவில்லை. ஜெயராஜ் கயிற்றை இழுத்தான், கெஞ்சினான், லோரிக்காரன் பேசும் கெட்ட வார்த்தை எல்லாம் பேசினான். மாட்டுக்கு அது பழக்கமில்லை. பண்ணைக்குப் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம். இரண்டாம் நாளும் அப்படித்தான்.

இரண்டாம் நாள் மாலை வீரம்மா என்னையும் கூட்டிக்கொண்டு ஜெய்னுதீனிடம் போனார். காகிதம் வேண்டாம் என்றார். கொட்டகையில் முட்டி உரிந்த மாட்டுக்கு ஜெய்னுதீன் மஞ்சள் பூசிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"பாய், உங்க மாட்டுக்கு அடி பட்டுடிச்சி. தப்பு எங்களோடது. இனிமே உங்க ஆளு இல்லாம நாங்க தொடமாட்டோம்."

அவர் இன்னும் கொஞ்சம் மஞ்சளைக் குழைத்தார்.

"ஒரு கேள்வி கேக்க வந்தோம். கேள்விதான். எந்த மாதிரி கொண்டு போனா உங்களுக்குச் சரி?"

அப்போதுதான் அவர் நிமிர்ந்தார். அந்தக் கேள்வியை நான் கேட்டிருக்க முடியாது. வருவாயா, மாட்டாயா என்றுதான் கேட்டிருப்பேன்.

கொண்டு போவதில் தமக்கு ஒன்றும் இல்லை என்றார் ஜெய்னுதீன். நம்ம கடை மிச்சம்தானே, அது எங்கே போனால் என்ன. ஆனால் பன்றிக் கொட்டகைக்குள் போன டின் இனித் திரும்பித் தம் வண்டியில் ஏறக் கூடாது. நாளைக்கே கப்பல் வந்தால் இதே வண்டியில்தான் கடைக்கு அரிசி ஏற்ற வேண்டும். தம் வண்டியில் வந்த அரிசியைத் தம் வீட்டில் ஆக்க வேண்டும்.

"கப்பல் வருமாங்கிறது வேற பேச்சு லா. வண்டி சுத்தமா நிக்கணும்."

லோரி இருந்தவரை நிறைந்த டின்களைப் பண்ணைக்குள் இறக்கிவிட்டு, முந்தின நாள் காலி டின்களை ஏற்றி வருவது வழக்கம். இப்போது எண்பது டின்னில் நாற்பது லோரியோடு போயிருந்தது. இருந்த நாற்பதுதான் போகவும் வேண்டும், வரவும் வேண்டும். வீரம்மா தரையில் விரலால் ஒரு கோடு இழுத்தார். பண்ணைக் கேட்டுக்கு வெளியே ஒரு வாய்க்கால் ஓடுகிறது, அதற்கு இந்தப் பக்கமே வண்டி நிற்கட்டும் என்றார். கூரைத் தகரத்தை வளைத்து வாய்க்கால் மேல் சரிவாகப் போடுவோம். நாம் இங்கே நின்று ஊற்றினால் அந்தப் பக்கம் தொட்டியில் போய் விழும். டின் வாய்க்காலைத் தாண்டாது.

"ஒரு சொட்டு திரும்பி வராதா?"

"சரிவு அவங்க பக்கம் பாய். தண்ணி மேல ஏறுமா?"

ஜெய்னுதீன் சிரித்தார். பிறகு என் வரைபடத்தைக் கேட்டார். பெருமையோடு விரித்தேன். பாதையை விரலால் பின்தொடர்ந்தார்.

"எல்லாம் இருக்கு கிராணி. மேடு எங்க?"

மேடு அதில் இல்லை. நான்கு வருடம் புவியியல் படித்தவன் ஒரு நகரத்தைத் தட்டையாக நினைத்து இரண்டு மாட்டின் முட்டியை உரித்திருந்தேன்.

பாதையை அவர் தலைகீழாக்கினார். விடியற்காலைச் சுபுஹு தொழுகை முடிந்ததும் வெறும் வண்டியோடு மேடேற வேண்டும். மேட்டில் தொடங்கி அள்ளிக்கொண்டே இறங்க வேண்டும். பிறகு லயங்கள். பிறகு கடைகள். சைவக் கடை கடைசி. அங்கே இலைக் குவியல் மாட்டுக்கு என்று முதலிலேயே சொல்லி வைத்தார். மூன்றாம் நாள் மாடுகளுக்குப் புரியவில்லை. நான்காம் நாள் புரிந்துவிட்டது. பாரம் ஏற ஏற நடையும் வேகமாகியது. கடைசிக் கடையில் இலை இருப்பது அவற்றுக்குத் தெரியும். இப்படி ஓர் ஏற்பாட்டை நான் அதுவரை எந்த அலுவலகத்திலும் பார்த்ததில்லை.

ஹார்னுக்கு ஜெயராஜ் வழி கண்டான். லோரியின் கைப்பிடியை முதல் வண்டியில் கயிற்றில் தொங்கவிட்டு ஒரு போல்ட்டால் அடித்தான். அந்தச் சத்தம் தெரு முனை வரை கேட்டது. வண்டி வருமுன் டின்கள் வாசலுக்கு வந்தன. லோரி போனாலும் டிரைவர் தான்தான் என்று சொல்லிக்கொண்டான். ஜெய்னுதீன் அவனை ஹார்ன் தம்பி என்று கூப்பிடத் தொடங்கினார்.

நேரம் குறிக்க நானும் தினம் கூடப் போனேன். காலில் சப்பாத்து, உடம்பில் சேட்டு, கையில் நோட்டுப் புத்தகம். வீரம்மா வேலை செய்வதைப் பார்த்தேன். எந்த டின் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று தூக்காமலே, காலால் ஒரு தட்டுத் தட்டிச் சொல்வார். குறைந்ததைக் குறைந்ததோடு சேர்ப்பார். யார் தோள் வலிக்கிறது என்பது அவனுக்கே தெரியுமுன் அவனை இலேசான பக்கத்துக்கு மாற்றிவிடுவார். பங்சார் மேட்டில் சில வீடுகளில் ஒரு பிடி சோறு மிஞ்சும். டின்னுக்குள் போனதை யாரும் தொடக் கூடாது என்பது அவருடைய சட்டம். சமையல்காரியிடம் கையால் வாங்கித் தனியாக வைப்பார். நாள் முடிவில் பதினேழாகப் பிரியும். ஆளுக்கு அரைக் கவளம் கூட வராது. அதற்காக யாரும் சண்டை போட்டதில்லை.

ஐந்தாம் நாள் பத்துக்கு இருபது நிமிடம் இருக்கும்போதே பண்ணையை அடைந்தோம். பண்ணைச் சீனர்களுக்குத் தகரச் சரிவு பிடித்துப்போயிற்று. டின் சுமக்கும் வேலை மிச்சம். காலி டின்களை ஜெய்னுதீன் மூன்று தண்ணீர் விட்டுக் கழுவச் செய்தார். ஏழாம் நாள், எட்டாம் நாள் எல்லாம் நேரத்துக்கு. ஒன்பதாம் நாள் வல்லிபுரம் என் குறிப்பைப் படித்துவிட்டு, லோரி கூட இந்த நேரத்துக்குப் போனதில்லையே என்றார்.

பத்தாம் நாள் காலை ஜெயராஜ் வரவில்லை.

வீரம்மாவோடு லயத்துக்குப் போனேன். ஜெயராஜ் சாக்கைப் போர்த்துக்கொண்டு கிடந்தான், குளிரில் பல் அடித்துக்கொண்டிருந்தது. நெற்றியில் கை வைத்தேன். அந்தச் சூடு எனக்குத் தெரியும். எழுந்து நிற்கிறேன் என்று அவன் சொன்னான். எழுந்தான். நிற்கவில்லை.

வேறு ஆள் இல்லை. வெளி ஆளைக் கூப்பிட்டால் அவனையும் பட்டியலில் சேர்த்துவிடுவார்கள் என்று யாரும் வரமாட்டார்கள். பதினாறு பேரால் வேலை நடந்துவிட்டால், பதினேழாமவன் உபரி என்று நாங்களே காட்டியதாகிவிடும். அந்தப் பதினேழாமவன் படுத்துக் கிடப்பவன்.

வீரம்மா என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நானும் எதுவும் யோசித்ததாக நினைவில்லை. சப்பாத்தைக் கழற்றினேன். சேட்டையும் கழற்றிக் கொடியில் போட்டேன். ஜெயராஜின் வேட்டியை எடுத்து முழங்காலுக்கு மேல் கட்டிக்கொண்டேன்.

"பிடிச்சா உங்களையும் ஏத்திடுவாங்க கிராணி."

தெரியும் என்றேன்.

கைப்பிடியை நான்தான் அடித்தேன். அன்று டின் எடுத்துவந்த சைவக் கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு டின்னைக் கீழே வைத்தார். பண்ணையை நெருங்கும்போது வீரம்மா வண்டியை நிறுத்தச் சொல்லி என் கைகளைப் பிடித்துப் பார்த்தார்.

"இது பேனா பிடிக்கிற கை."

இரண்டையும் முழங்கை வரை டின்னுக்குள் அழுத்தினார். பிறகு என் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டார். கண்ணாடி போட்டுக் கழிவு அள்ளும் ஆளை அந்த ஊரில் யாரும் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு எனக்கு எல்லாம் மங்கல். ஜெயராஜின் இடம் தகரச் சரிவின் தலைமாடு. வண்டியிலிருந்து டின் வரும். தூக்க வேண்டும், சாய்க்க வேண்டும், காலியைப் பின்னால் கொடுக்க வேண்டும். எட்டாவது டின்னில் முதுகு பிடித்துக்கொண்டது. அப்போது ஒரு மோட்டார் வந்து நின்றது. காக்கி நிறம் ஒன்று இறங்கியது. பக்கத்தில் ஒரு வெள்ளைச் சேட்டும் கறுப்புக் குடையும்.

பெயர் வாசிக்க வல்லிபுரத்தைக் கூட்டி வந்திருந்தார்கள். அதை நான் நினைத்துப் பார்க்கவில்லை.

வேலை நிற்கக் கூடாது, பெயர் வாசித்ததும் கை தூக்க வேண்டும் என்று வல்லிபுரம் அறிவித்தார். முதல் பெயர் ஜெயராஜ். அதை முதலில் அடித்தவன் நான்.

கை தூக்கினேன்.

அடுத்த பெயர் வரவில்லை. குடை அசையாமல் நின்றது. பூட்ஸ் சத்தம் என்னை நோக்கி வந்து ஒரு கஜத்தில் நின்றது. கையில் இருந்த டின் ஆடியது. கழிவு என் காலில் சிந்தியது. சிவமலர் போன பிறகு நான் எதற்கும் பயந்ததில்லை. பயப்பட ஒன்றும் மிச்சம் இல்லை என்று நினைத்திருந்தேன். அன்று பயந்தேன். சயாமுக்குப் போக எனக்கு விருப்பமில்லை.

சார்ஜெண்ட் ஏதோ கேட்டார். வல்லிபுரம் ஜப்பானிய மொழியில் நீளமாக ஒன்று சொன்னார். சார்ஜெண்ட் சிரித்தார். பூட்ஸ் திரும்பிப் போனது.

அடுத்த பெயர். அதற்கடுத்தது. பதினேழு.

தொட்டி நிறைந்திருந்தது. மணி பத்துக்குப் பத்து நிமிடம் இருந்தது. ஐந்து வண்டியும் இனி போர்டு வேலையில் நிலைக்கும், பட்டியல் ரத்து என்று வல்லிபுரம் உரக்க மொழிபெயர்த்தார். போகும்போது என் பக்கமாக வந்து, வாய்க்காலைப் பார்த்தபடி, தாழ்ந்த குரலில் சொன்னார்.

"ஏன் இவன் நடுங்குறான் என்டு சார்ஜெண்ட் கேட்டவர். உங்களைக் கண்டால் மலாயாவே நடுங்கும் என்டு சொன்னனான். நாளைக்கு ஒபீசுக்குக் குளிச்சிட்டு, சேட்டுப் போட்டுக்கொண்டு வாரும்."

மோட்டார் போன பிறகும் யாரும் ஆரவாரம் செய்யவில்லை. டின்களைக் கழுவினார்கள். மூன்று தண்ணீர். ஜெய்னுதீன் ஒவ்வொன்றையும் கவிழ்த்துப் பார்த்துத்தான் ஏற்றினார். ஜெயராஜுக்கு முத்து பீவியிடம் நிலவேம்புக் கஷாயம் வைக்கச் சொல்லியிருப்பதாகச் சொன்னார். முத்து பீவி அவர் மனைவி. குயினைனுக்கு ஈடாகாது, இருந்தாலும் மூணு வேளை கொடுங்க என்றார்.

ஜெயராஜ் எழுந்து நடக்கப் பன்னிரண்டு நாள் ஆனது. சார்ஜெண்ட் மறுபடி வரலாம் என்று அந்தப் பன்னிரண்டு நாளும் அவன் இடத்தில் நான் நின்றேன். தினமும் அதன் பிறகு குளித்து, சேட்டுப் போட்டுக்கொண்டு அலுவலகம் போனேன். வண்டிகள் சண்டை முடியும் வரை ஓடின. ஜெய்னுதீனுடைய அரிசிக் கப்பல் 1945 கடைசியில் வந்தது. முதல் மூட்டை அந்த வண்டியில்தான் ஏறியது.

ஆனால் நான் சொல்ல வந்தது பத்தாம் நாளை. திரும்பும் வழியில் வெறும் வண்டியில் உட்கார்ந்திருந்தேன். வீரம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்துக் கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்தார்.

"டின்ன அப்பிடித் தூக்கக் கூடாது கிராணி. முட்டியை மடக்கணும். நாளைக்குக் காட்டுறேன். இப்ப எல்லாரும் இருக்காங்களான்னு எண்ணிப் பாருங்க."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வண்டி வண்டியாக எண்ணினேன். பதினாறு பேர். பிறகு என்னையும் சேர்த்துக்கொண்டேன்.